காணாத ஆட்டுக்கும் கருணை

சீனாவில் இருக்கும் ஒரு கரடியைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும்? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். பேரனைக் கூட்டிப்போக வரும் ஒரு பாட்டி இன்னும் நேராகவே கேட்டார்: “ஏன் டீச்சரம்மா, நம்ம ஏரிக்கு வர்ற கொக்கு பேரே இதுங்களுக்குத் தெரியாது. சீனாக்காரன் கரடி எதுக்கு?”

நியாயமான கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கண்ணால் காணாத ஓர் உயிரிடம் மனிதருக்குக் கருணை பிறக்குமா? பிறக்கும் என்றால், அதை ஆறு வயதில் சொல்லித்தர முடியுமா? சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக மோதிப் பார்த்த கேள்வி இது. ஒரு பாண்டாவை முன்னிட்டு என் வகுப்பறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் கதைகளில் வரும் வள்ளல்கள் கண்டு இரங்கியவர்கள். பேகன் மயிலைக் கண்டான், போர்வையைக் கொடுத்தான். கொழுகொம்பில்லாமல் தவித்த முல்லைக்கொடியைப் பாரி கண்டான், தேரைக் கொடுத்துவிட்டு நடந்தான். சிபியிடம் புறா தானே வந்து அடைக்கலம் கேட்டது. மனுநீதிச் சோழனின் வாசலுக்குக் கன்றை இழந்த பசு வந்து மணியை அசைத்தது. உயிர் எதிரே வந்து நிற்கிறது, மனம் உருகுகிறது, கை கொடுக்கிறது. எந்தக் கதையிலும் இந்த வரிசை மாறவில்லை. பறம்பு மலைக்கு அப்பால், பாரியின் தேர் போகாத காட்டிலும் கொடிகள் கொம்பில்லாமல் கிடந்திருக்கும். அவற்றை யார் நினைத்தார்கள்?

சீனத்தில் ஒருவர் இதைக் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துப் பேசியிருக்கிறார். கன்பூசியஸ் வழியில் வந்த மென்சியஸ் அவர். சீ நாட்டு மன்னன் சுவான் ஒருநாள் மண்டபத்தில் அமர்ந்திருக்கிறான். கீழே ஓர் ஆள் மாட்டை இழுத்துக்கொண்டு போகிறான். மணி ஒன்றுக்கு இரத்தம் பூசிப் புனிதமாக்கும் சடங்குக்காக அது பலியாகப் போகிறது. மாடு நடுங்குவதைப் பார்த்த மன்னனுக்குத் தாங்கவில்லை, விட்டுவிடச் சொல்கிறான். அப்படியானால் சடங்கை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். அதெப்படி நிறுத்துவது, மாட்டுக்குப் பதில் ஓர் ஆட்டை வையுங்கள் என்கிறான்.

பெரியதைக் காப்பாற்றிக்கொண்டு சிறியதைக் கொடுத்த கருமி என்று குடிமக்கள் மன்னனைப் பேசினார்கள். மென்சியஸ் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் மாட்டைக் கண்டீர்கள், ஆட்டைக் காணவில்லை, நடந்தது அவ்வளவுதான் என்றார். மாட்டிடம் பிறந்த அந்த இரக்கம் உண்மையானது, அறத்தின் முளை அது என்றும் சொன்னார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்: ஒரு மாட்டுக்கு எட்டிய கருணை உங்கள் சொந்தக் குடிகளுக்கு ஏன் எட்டவில்லை? தன் வீட்டு முதியவரிடம் காட்டும் மரியாதையை அடுத்த வீட்டு முதியவர்வரை நீட்டுவது, தன் குழந்தையிடம் காட்டும் பரிவை அடுத்தவர் குழந்தைவரை நீட்டுவது, இதுதான் அறம் என்பது அவர் கொள்கை. அவருக்கு முன்பே மோசி என்ற இன்னொரு சீன ஞானி, நீட்டிக்கொண்டு போவதெல்லாம் எதற்கு, எடுத்த எடுப்பிலேயே எல்லோரிடமும் சமமாக அன்பு காட்டு என்றார். இரண்டு தரப்பாரும் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள்.

நான் அந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஆட்டினிடமே போய் நிற்கிறது. மன்னனின் பார்வைக்கு வெளியே ஏதோ ஒரு பட்டியில் அது நின்றது. கண்பட்ட உயிர் பிழைத்தது, கண்படாத உயிர் அதன் இடத்தில் போய்ச் செத்தது. மனிதக் கருணையின் எல்லையை இதைவிடத் தெளிவாக எந்தக் கதையும் எனக்குக் காட்டியதில்லை.

வெறுப்புக்கு இந்த எல்லை கிடையாது. 2020-இல் கொரோனா வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் வாயில் ‘சீனாக்காரன்’ என்பது வசவாகப் புழங்கியது. அதே ஆண்டு ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், ஹவில்தார் பழனி. அந்தத் துக்கம் உண்மையானது, அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரே ஒரு சீன முகத்தைக்கூட நேரில் பார்த்திராத ஆறு வயதுப் பிள்ளை, 140 கோடி மனிதர்களைச் சேர்த்து ஒரே சொல்லில் வெறுக்கக் கற்றுக்கொண்டதே, அது அந்த வீரர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வெறுப்பு காணாமலே பிறக்கிறது. காணாமல் இருக்கும்வரை செழிப்பாக வளர்கிறது. அன்புக்கு மட்டும் நேரில் கண்டாக வேண்டும் என்று விட்டுவிட்டால், இந்த உலகத்தில் அன்பு என்றைக்கும் வெறுப்புக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும்.

பாண்டா என் வகுப்புக்கு நான் அழைத்துவந்த விருந்தாளி இல்லை. திண்டிவனம் கடைத்தெருவில் வாங்கிய புத்தகப்பையில், பென்சில் டப்பாவில், தண்ணீர் பாட்டிலில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு அது கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பொம்மை. அதற்குப் பசிக்கும், அதற்கு ஒரு தாய் உண்டு, ஒரு மலை உண்டு என்பதெல்லாம் அவர்கள் நினைவிலேயே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதைக் காணவில்லை. மென்சியஸின் ஆடு என் மாணவர்கள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அதற்கு முன் செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்தன. கையால் செய்யாததைச் சிறுபிள்ளை கற்காது என்பது எங்களுக்குப் பழகிய பாடம். ஆகவே பாண்டாவையும் கையாலேயே கற்றோம்.

முதலில் விரல். கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து ரிப்பனால் கட்டிவிட்டு, கரும்புத் துண்டு ஒன்றைப் பிடித்துக் கடிக்கச் சொன்னேன். விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைக்குக் கரும்பு புதிதில்லை. முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளைப் பார்த்து வளர்கிறவர்கள். ஆனால் கட்டைவிரல் இல்லாமல் கரும்பு நழுவி நழுவி விழுந்தது. பிறகு மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மரத்துண்டைக் கட்டிவிட்டேன். அதில் அண்டக்கொடுத்து அழுத்தினால் கரும்பு நின்றது. பாண்டாவுக்கு வாய்த்திருப்பது இதுதான். கரடிக்கு உள்ள ஐந்து விரல்களும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவற்றோடு மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு வளர்ந்து ஆறாவது விரலைப்போல வேலை செய்கிறது. மூங்கிலைப் பிடிப்பதற்கென்று உடம்பு தேடிக்கொண்ட வழி அது. கரும்பும் மூங்கிலும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொன்னதும், தின்ற கரும்பைப் பிள்ளைகள் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது எடை. பிறந்த பாண்டாக் குட்டி ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். தாயின் எடையில் 900-இல் ஒரு பங்கு. 100 கிராம் துவரம்பருப்பை ஈரத்துணியில் பொட்டலமாகக் கட்டி ஒவ்வொரு கையிலும் வைத்தேன். தாய் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைக் காட்டி, இரண்டு மூட்டை என்றேன். இரண்டு மூட்டை கனமுள்ள ஓர் உயிர் இந்தப் பொட்டலத்தை நசுக்காமல் வாயால் கவ்வித் தூக்கும், மார்போடு அணைத்துக்கொள்ளும் என்று சொன்னபோது வகுப்பு பேசவில்லை. ஒரு பெண்பிள்ளை பொட்டலத்தைப் பாவாடையில் மூடி வைத்துக்கொண்டு, மணியடித்த பிறகும் தரமாட்டேன் என்றாள்.

மூன்றாவது பசி. இங்கேதான் விளையாட்டு வேறொன்றாக மாறியது. பாண்டாவின் குடல் புலால் தின்னும் விலங்கின் குடல். அதை வைத்துக்கொண்டு மூங்கிலைத் தின்று வாழ்கிறது. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் ஒரு நாளைக்கு 12 கிலோவிலிருந்து 38 கிலோவரை தின்ன வேண்டியிருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் வாய் அசைந்துகொண்டே இருக்கும். வகுப்பின் ஒரு பக்கம் மூங்கில் குச்சிகளை நட்டு ஒரு மலை, மறுபக்கம் இன்னொரு மலை என்று அமைத்தோம். ஏரி மண்ணில் பிசைந்து, கரித்தூளும் சுண்ணாம்பும் பூசிய பாண்டாக்கள் ஒரு மலையில் இருந்தன. சில வகை மூங்கில்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே காலத்தில் பூக்கும், பூத்ததும் மொத்தமாகக் காய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அந்த மலையின் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். 1970-களிலும் 1980-களிலும் சீன மலைகளில் இப்படி நடந்து பாண்டாக்கள் பட்டினியால் செத்தன.

“அந்தப் பக்கத்து மலைக்குப் போயிடலாம்ல டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். நடுவில் வயலும் சாலையும் வீடுகளும் இருக்கின்றன, எப்படிப் போகும் என்றேன். அவன் எழுந்துவந்து இரண்டு மலைகளுக்கும் நடுவில் ஒரு வரிசையாகக் குச்சிகளை நட்டான். யாரும் சொல்லித்தரவில்லை. துண்டு துண்டாகப் பிரிந்துபோன காடுகளை மூங்கில் பாதைகளால் மறுபடி இணைக்கும் வேலையைத்தான் சீனாவில் செய்துவருகிறார்கள். 2014-இல் முடிந்த கணக்கெடுப்பின்படி காட்டில் வாழும் பாண்டாக்கள் 1,864. அழியும் நிலையில் இருந்த விலங்கு என்ற பட்டியலிலிருந்து 2016-இல் ஒரு படி மேலே வந்தது. 1980-களின் பட்டினிக் காலத்தில் சீனப் பள்ளிப் பிள்ளைகள் பாண்டாவுக்காகக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 1984-இல் அமெரிக்கப் பிள்ளைகளும் சில்லறை சேர்த்து அனுப்பினார்கள். காட்டில் ஒரு பாண்டாவையும் பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். காணாத உயிருக்குக் கருணை பிறக்கும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

பசி என்ற வாசல் வழியாகக் கருணை நுழையும் என்பது எங்கள் வீட்டில் பழைய பாடம். என் அப்பா வள்ளலார் வழியில் நின்றவர். தைப்பூசத்துக்கு வடலூருக்கு எங்களையும் அழைத்துப் போவார். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்தவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி என்று விசாரிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் வள்ளலார் இந்தக் கருணை எப்படிப் பிறக்கிறது என்று விளக்குகிறார். ஓர் உயிரின் துன்பத்தைக் கண்டாலும், கேட்டாலும், அறிந்தாலும் மனம் உருக வேண்டும் என்கிறார். எல்லா உயிர்களும் ஓரிடத்திலிருந்து வந்த உடன்பிறப்புகள் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். மென்சியஸ் கண்ணோடு நின்ற இடத்தில், வள்ளலார் கேள்வியையும் அறிவையும் சேர்த்து மூன்று வழிகளைத் திறந்து வைக்கிறார். பட்டியில் நிற்கும் ஆட்டை மன்னன் காணவில்லை, சரி. அறிந்திருந்தான் அல்லவா? அறிவு ஏன் உருக்கவில்லை?

இதற்கும் வள்ளலார் பதில் வைத்திருக்கிறார். கண்டும் உருகாதவர்களுக்கு ஆன்ம அறிவு என்ற கண்ணில் அஞ்ஞானம் படலமாய்ப் படர்ந்திருக்கிறது, மனம் முதலிய கண்ணாடிகளும் தடித்து ஒளி புகாமல் போயிருக்கின்றன என்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குச் சீனா நினைவுக்கு வருவதில்லை. எங்கள் ஊர்தான் வருகிறது.

ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு சாலையும் சில வயல்களும்தான். தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறோம். 1978-இல் விழுப்புரம் நகரத்தில் நடந்த சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2023 ஜூனில் எங்கள் மாவட்டத்து மேல்பாதி கிராமத்தின் திரௌபதி அம்மன் கோயில் பூட்டப்பட்டது, தலித் மக்கள் உள்ளே வந்து கும்பிடுவதை ஏற்க முடியாத தகராறால். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வைத்துப் போராடியது, நம் கண்ணெதிரே செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாய்க் கிடந்த மக்களுக்காக. இவர்களில் யாரும் சீனாவில் இல்லை. நாம் காணாதவர்களும் இல்லை. கண்ணுக்கு முன்னால் மாடு நடுங்குகிறது, மனம் உருகவில்லை. அப்படியானால் தொலைவு தடையே அல்ல. சீனத்து மலை மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, காலனி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டையும் மறைப்பது ஒரே படலம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் கையால் செய்யும் பாடத்தின் மதிப்பு எனக்குப் பிடிபட்டது. மண்ணில் ஓர் உயிரைப் பிசைகிற பிள்ளை அதைப் பற்றிக் கேள்வி கேட்டாக வேண்டும். காது எங்கே? எப்படி உட்காரும்? எதைப் பிடிக்கும்? குட்டியை எங்கே வைத்துக்கொள்ளும்? ஒவ்வொரு கேள்வியும் அந்த உயிரின் தேவை ஒன்றைத் தொடுகிறது. படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இந்தக் கேள்விகள் வருவதில்லை, அது ஒரு நொடியில் பார்த்து முடித்துவிடுகிறது. கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பதைப் போன்றது இது. தேய்ந்துபோன பாறையில் கண் தடவித் தடவிப் பார்த்தாலும் எழுத்துப் பிடிபடாது. ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் பொறுமையாகத் தட்டி, மையை ஒற்றி எடுத்தால் எழுத்து எழுந்து நிற்கும். கை உழைத்த பிறகே கண்ணுக்கு அது கிடைக்கிறது.

மைப்படியையும் வகுப்பில் செய்தோம். சீனர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட கலை அது. காகிதமும் அவர்கள் கொடைதான். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க, சிங்கமுகம் எழுந்துவந்தது. அப்போதே சொன்னேன்: சீனக் கடற்கரையில் சுவான்சௌ என்ற நகரத்தில் 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சுவான்சாங் என்ற சீனத் துறவி நம் பக்கத்துக் காஞ்சிவரை வந்து போயிருக்கிறார். நம் சாமியை அவர்கள் ஊரில் வைக்க இடம் கொடுத்தார்களா என்று ஒரு பிள்ளை கேட்டது. கொடுத்தார்கள். மேல்பாதிக்குப் பக்கத்தில் வாழும் ஒரு பிள்ளை இதைக் கேட்கும்போது, அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு ஆழத்தில் போய்த் தைத்தது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

கையால் கருணை பழகுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களில் நயினார் என்று அழைக்கப்படும் அந்தச் சமணர்களின் வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதும், பொழுது சாய்ந்தபின் உண்ணாமல் இருப்பதும் வழிவழியாக வந்த ஒழுக்கம். கண்ணுக்கே தெரியாத சிற்றுயிருக்காகச் செய்யும் காரியம் அது. அந்த வீட்டுப் பிள்ளை அகிம்சையின் தத்துவத்தைக் கற்றுவிட்டு வடிகட்டத் தொடங்குவதில்லை. முதலில் துணியைப் பிடிக்கிறது. பிடித்துப் பிடித்து, தண்ணீருக்குள் உயிர் இருக்கிறது என்ற நினைவு அதற்குள் ஊறிவிடுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபத்தை நான் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். பாண்டா அழகாக இருப்பதால் பிள்ளைகள் உருகுகிறார்கள், அது கருணை ஆகுமா? பல்லியையும் பாம்பையும் கண்டால் கல்லெடுக்கிறார்களே? உண்மைதான். அழகைக் கண்டு வருவது முளை மட்டுமே. திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். அருளை அன்பு ஈன்ற குழந்தை என்றும் வேறோர் இடத்தில் சொன்னார். பிடித்தவரிடம் காட்டுவது அன்பு, பிடிக்காதவரிடமும் எட்டுவது அருள். முதலாவது இல்லாமல் இரண்டாவது பிறக்காது. மென்சியஸும் வள்ளுவரும் இந்த இடத்தில் கைகோக்கிறார்கள். ஆறு வயதில் மோசியின் வழியில் எல்லோரையும் சமமாக நேசி என்று சொன்னால் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான். பிடித்ததிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நீட்டினால் அருள் வந்து சேரும்.

அதனால் பாண்டாவோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சீனா என்பது கரடியும் காகித விளக்கும் உள்ள ஒரு பொம்மைக் கடை ஆகிவிடும். பாண்டா வாழும் சிச்சுவான் மலையடிவாரக் கிராமங்களில் பிள்ளைகளும் வாழ்கிறார்கள். பல இலட்சம் சீனக் கிராமத்துப் பிள்ளைகளின் அப்பா அம்மா தூரத்து நகரங்களில் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட, அவர்கள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். புத்தாண்டுக்குத்தான் பெற்றோர் ஊர் திரும்புவார்கள். அன்றைக்குப் பல வீடுகளில் குடும்பமே உட்கார்ந்து மாவைத் திரட்டி, பூரணம் வைத்து, மடித்து அவிக்கும். வகுப்பில் அரிசி மாவில் நாங்களும் அப்படி மடித்தோம். பிள்ளையார் சதுர்த்திக் கை அப்படியே வந்தது. மடித்துக்கொண்டிருந்தபோது, எங்க அப்பாவும் சிங்கப்பூர்லேருந்து பொங்கலுக்குத்தான் வரும் என்றான் ஒரு பையன். எங்கம்மா பெங்களூர்ல என்றாள் இன்னொருத்தி. அந்த மேசையில் சீனத்துப் பிள்ளையும் கூட உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. 2008 மே 12 அன்று அதே சிச்சுவானில் நிலநடுக்கம் வந்து பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் மேல் இடிந்து விழுந்தன. அதைச் சின்ன வகுப்பில் சொல்லும் வயதில்லை. ஆனால் என்றாவது அந்தச் செய்தி இவர்கள் காதில் விழும்போது, 2004 சுனாமியில் நம் மரக்காணம் கடற்கரைக்கு வந்த துயரத்தோடு அதைச் சேர்த்துவைத்து நினைக்கும் மனம் இவர்களுக்கு இருக்கும்.

வகுப்புக்குள்ளேயே நீட்ட வேண்டியதும் இருந்தது. மலை அமைத்தபோது இருளர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பையன்தான் மூங்கிலை எங்கே வெட்டுவது, எப்படிப் பிளப்பது என்று காட்டினான். அவன் பக்கத்தில் உட்காராமல் தள்ளியே உட்காரும் பிள்ளைகள், பிளந்த குச்சிக்காக அவனைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் அன்றோடு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். அவனைக் காணத் தொடங்கினார்கள். பாண்டா பாடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு இதுதான்.

பாட்டியின் கொக்குக்கும் பதில் உண்டு. அடுத்த பாடமாக ஏரிப் பறவைகளையே எடுத்தோம். மரக்காணம் அருகே உள்ள கழுவேலியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் அங்கே இறங்கும் பறவைகளில் பல, இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. நம் பறவை என்று நாம் நினைப்பது பாதி ஆண்டு வேறொருவர் வானத்தில் பறக்கிறது. நம் ஏரி நன்றாக இருப்பதற்கு வடக்கே யாரோ ஒருவரின் சதுப்பு நிலமும் நன்றாக இருக்க வேண்டும். பாட்டியிடம் இதைச் சொன்னேன். “அப்ப கொக்கும் சொல்லிக்குடு, கரடியும் சொல்லிக்குடு” என்றார். தத்துவ வாதம் ஒன்றுக்கு இதைவிடச் சுருக்கமான தீர்ப்பை நான் கேட்டதில்லை.

என் முடிவு இதுதான். கருணை கண்ணிலிருந்து பிறக்கிறது என்பது பாதி உண்மை. காணும் கண்ணும் பழக்கத்தால் வருவது, அந்தப் பழக்கத்தைச் சிறுவயதில் கை தருகிறது. எழுத்தையும் எண்ணையும் எட்டு வயதுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று அரசாங்கமே இலக்கு வைத்தது. காணாத உயிரை எண்ணிப்பார்க்கும் திறனையும் அந்த வயதுக்குள்ளேயே கொடுத்தாக வேண்டும். பத்து வயதாவதற்குள் ஊர் தன் பாடத்தைக் கொடுத்துவிடும்: யார் எந்தத் தெரு, யாரோடு உட்காரலாம், எந்த நாட்டான் எதிரி. அந்தப் பாடம் முந்திக்கொண்டால் பிறகு எந்த வேதமும் எந்தக் குறளும் உள்ளே போவது கடினம். பிள்ளைக்குப் பாண்டா பிடிக்கிறதா, பாண்டாவிலிருந்து தொடங்குங்கள். மண்ணைப் பிசையச் சொல்லுங்கள், பசியைச் சொல்லுங்கள். அங்கிருந்து அந்த மலையடிவாரத்துப் பிள்ளைக்கும், அங்கிருந்து நம் சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள வீட்டுக்கும் வழி இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் நடப்பதும் பெரியவர்களான நம் கடமை. நம்மில் பலருக்கும் அங்கே காணப் பழக வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.